இலக்கத்தைப் பார்த்துக் கணினி வாங்குவோர் கவனத்துக்கு

காணி வாங்கும்போது எம்மவர்கள் காட்டும் எச்சரிக்கை பிரசித்தமானது. கிணற்று நீர் நன்னீரா உவர்நீரா என்று வாயில் விட்டுப் பார்ப்பார்கள். பாதை உண்டா, பங்கு வழக்கு உண்டா என்று அயலில் பத்துப் பேரிடம் விசாரிப்பார்கள். தோம்பு தேடுவித்த பின்னரே உறுதி எழுதுவார்கள். அதே மனிதர்கள் மூன்று இலட்சம் ரூபாவை எண்ணிக் கொடுத்துக் கணினி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "இது ஐ5 ஓ, ஐ7 ஓ?" ஏழு என்று பதில் வந்தால் முகம் மலர்கிறது. அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது.

தேவைக்கேற்பப் பாகங்களைத் தெரிந்து பொருத்தும் மேசைக் கணினியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். மட்டான பணத்தில் வலுவான கணினி ஒன்றைப் பெறமுடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே எனது பதில். கணினியின் பாகங்களுள் ஏதோ ஒன்று எப்போதும் மற்றவற்றைக் காத்திருக்க வைத்துக்கொண்டிருக்கும். அது எது என்பது நீங்கள் அதில் செய்யும் வேலையைப் பொறுத்தது. அந்த இடத்தில் பணத்தைப் போட்டவரின் கணினி வேகமாக ஓடும். வேறிடத்தில் போட்ட பணம் அலங்காரச் செலவாகவே முடியும்.

இதனை நான் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. 1990களில் எமது பத்திரிகைகள் பழைய அச்சுக்கோப்பு முறைகளைக் கைவிட்டுக் கணினிப் பக்க வடிவமைப்புக்கு மாறிய காலத்தில், நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் கண்ணாரக் கண்டது. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவைக் கொண்டு பக்கம் அமைத்த இளைஞர்கள், பெரிய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போவார்கள். திரும்பி வரும்போதும் திரையில் படம் முழுதாக வந்திராது. அலுவலகத்திலேயே அதிவேகமான கணினி நிர்வாகியின் அறையில், தூசு படாமல் துணி போர்த்தப்பட்டு, நாளொன்றுக்கு இரண்டு மின்னஞ்சல்களை வாசிப்பதற்காகக் காத்திருந்தது. பல மாத விண்ணப்பங்களின் பின்னர் பக்க அமைப்புக் கணினிகளுக்கு நினைவகம் மட்டும் இரட்டிப்பாக்கப்பட்டது. புரொசசர் மாற்றப்படவில்லை. அதே இயந்திரங்கள் மறுநாளே ஓடத் தொடங்கின. பதிப்பு அரை மணி நேரம் முந்தி அச்சுக்குப் போனது.

இப்பொழுது இதை எழுதத் தூண்டியது ஒரு விலைப்பட்டியல். எனது நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற ஒப்புநோக்காளர். அவருடைய சகோதரியின் மகன் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். உயர்தரப் பரீட்சை முடித்தவர். திருமண வீடுகள், சாமத்திய வீடுகளில் எடுக்கப்படும் வீடியோக்களை வெட்டித் தொகுத்துக் கொடுக்கும் தொழிலைக் கையில் எடுத்திருக்கிறார். குடாநாட்டில் இது இன்று சிறிய தொழிலன்று. யாழ்ப்பாணத்தில் நடக்கும் கல்யாணத்தை ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கவேண்டும், அதுவும் அதே வாரத்தில் பார்க்கவேண்டும். பிறருடைய கணினியில் இரவல் நேரத்தில் வேலை செய்துவந்த தம்பிக்குச் சொந்தமாக ஒன்று வேண்டியிருந்தது. தாயார் தமது இரண்டு காப்புகளை அடகு வைத்துப் பணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தார். மூன்று இலட்சம் ரூபா. வட்டி அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும் என்பதை அடகுக்கடை வாசலை மிதித்த எவருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை.

நகரக் கடையொன்று கொடுத்த விலைப்பட்டியலை நண்பர் எனக்கு அனுப்பியிருந்தார். முதல் வரியில் தடித்த எழுத்தில் ஐ7. அதன் கீழ் 16 கிகாபைட் நினைவகம், ஒரே துண்டாக. முன்னர் பாவித்த கிரபிக்ஸ் காட் ஒன்று. பெயர் கேள்விப்படாத 512 கிகாபைட் எஸ்.எஸ்.டி. கண்ணாடிப் பக்கம் வைத்த கேசிங், நிறம் மாறும் விசிறிகள் ஏழு. கடைசி வரியில் "750 வொட் பவர் சப்ளை, கேசிங்குடன் இலவசம்".

தொலைபேசியில் தம்பியின் குரல் உற்சாகமாக இருந்தது. "மாமா, ஐ7 எண்டு போட்டிருக்கினம். நீங்கள் ஏன் ஐ5 எண்டு சொல்லுறியள்?"

நியாயமான கேள்விதான். கோர் ஐ7 என்ற பெயரை இன்ரெல் நிறுவனம் 2008 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர் பல தலைமுறைப் புரொசசர்கள் அதே பெயரைச் சுமந்து வந்துவிட்டன. கார்க் கம்பனி ஒன்று தனது உயர்ரக வாகனத்துக்கு எல்லா வருடமும் ஒரே பெயரை இடுவதைப் போன்றது இது. வருடத்தைக் கேளாமல் பெயரை மட்டும் கேட்பவரிடம் எதையும் விற்கலாம். பட்டியலில் இருந்தது நான்காம் தலைமுறை ஐ7, அதாவது 2013இல் வெளியானது. நான்கு மையங்கள் கொண்டது. 2022 ஜனவரியில் வெளியான ஐ5 12400 என்பதில் ஆறு மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மையமும் பழையதைவிட மிகவும் வேகமானது. இவ்விரண்டுக்கும் இடையே ஏழு, ஐந்து என்ற இலக்கங்களை வைத்து ஒப்பிடுவது தாத்தாவினதும் பேரனினதும் ஓட்டப் பந்தயத்தை உயரத்தை வைத்துத் தீர்மானிப்பது போன்றது.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஆனது இன்ரெலின் எட்டாம் தலைமுறையிலிருந்தே புரொசசர்களை முறையாக ஏற்கிறது. ஆகவே அந்த ஐ7 கணினி கடையிலிருந்து வெளியே வரும்போதே காலாவதியான ஒன்றாக வந்திருக்கும்.

வீடியோத் தொகுப்பில் காத்திருக்க வைப்பது எது என்பதற்கு வருவோம். தொகுப்பாளரின் நேரத்தைத் தின்பது, கமெரா சுருக்கிப் பதிவு செய்த காட்சியை விரித்துக் காட்டும் வேலை. இன்றைய கைத்தொலைபேசிகளும் கமெராக்களும் எச்.இ.வி.சி. என்ற முறையில் காட்சியை இறுக்கமாகச் சுருக்குகின்றன. அதனை விரிப்பதற்கென்றே தனியான மின்சுற்றை உள்ளே கொண்ட புரொசசரில் காட்சி தங்குதடையின்றி ஓடும். அது இல்லாத புரொசசர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டே விரிக்கவேண்டியிருப்பதால் திணறும். 2013இன் ஐ7 இல் அந்தச் சுற்று இல்லை. 12400 இல் உண்டு. 2020க்குப் பின்னர் வந்த சோனி கமெராக்கள் சில, நிறத் தகவலைக் கூடுதலாக வைத்துக்கொள்ளும் 4:2:2 என்ற வகையில் பதிவு செய்கின்றன. அதனையும் 12400 விரிக்கும். ஆர்.டி.எக்ஸ். 50 வரிசைக்கு முந்திய என்விடியா கிரபிக்ஸ் காட்கள்கூட இதைச் செய்வதில்லை.

இங்கே ஓர் எழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 12400 என்று ஒன்று, 12400எஃப் என்று மற்றொன்று கடைகளில் இருக்கும். பின்னது சற்று மலிவு. எஃப் என்றால் உள்ளேயிருக்கும் கிரபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டது என்று பொருள். மேலே சொன்ன மின்சுற்றும் அதனோடு போய்விடும். விளையாட்டுக்காகக் கணினி வாங்குபவருக்கு எஃப் நல்ல தெரிவு. வீடியோ வெட்டுபவர் சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்கப்போய்த் தனது தொழிலுக்கு வேண்டியதையே இழந்துவிடுவார். ஏ.எம்.டி. ரைசன் புரொசசர்கள் பணத்துக்குப் பெறுமதியானவை. தொழில் வேறாக இருந்திருப்பின் அதையே முதலில் சொல்லியிருப்பேன். 2017இல் ரைசனுக்கென வாங்கிய ஏ.எம்.4 மதர்போர்ட்களில் பல, பயோஸைப் புதுப்பித்தவுடன், 2020இன் ரைசன் 5000 வரிசையையும் ஏற்றன. மதர்போர்ட்டை மாற்றாமல் புரொசசரை மட்டும் மாற்ற இடங்கொடுத்த அந்தப் போக்கு எங்களைப் போன்ற நாடுகளுக்கு உகந்தது.

கிரபிக்ஸ் காட் விடயத்தில் தம்பியுடன் சிறிது வாதாட நேர்ந்தது. அவர் புதியதான 4060ஐ விரும்பினார். நான் 2021இன் 3060ஐச் சொன்னேன். 4060 இல் காட்டின் சொந்த நினைவகம் 8 கிகாபைட். 3060 இல் 12. பல அடுக்குகளில் நிறத் திருத்தம் செய்யும்போது இந்த நினைவகம் நிரம்பிவிட்டால் மென்பொருள் நின்றுவிடும். காட் எவ்வளவு புதியதாயினும் நிரம்பிய நினைவகத்துக்கு மருந்து இல்லை. 3060 இலும் 8 கிகாபைட் வகை ஒன்று பின்னர் வந்தது. பெட்டியில் 12 என்று இருக்கிறதா எனப் பார்த்தே வாங்கவேண்டும்.

பாவித்த காட் வாங்கலாமா? நான் எதிர்ப்பவன் அல்லன். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றியபோது, இரவு பகலாக அதனைத் தோண்டிய கிரபிக்ஸ் காட்கள் உலகம் முழுவதும் சந்தைக்கு வந்தன. அவற்றில் விசிறி தேய்ந்தவையும் உண்டு, இன்னும் பல வருடம் உழைக்கக்கூடியவையும் உண்டு. கடையிலேயே பொருத்தி, அரை மணி நேரம் முழுப் பாரத்தில் ஓடவிட்டு வெப்பத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. பழைய காட்டின் உள்மென்பொருளை மாற்றிப் புதிய பெயரில் விற்கும் மோசடியும் நீண்டகாலமாக உண்டு. ஜி.பி.யூ.-இஸட் என்ற இலவச மென்பொருள் அத்தகைய பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். அதனை இயக்கிக் காட்ட மறுக்கும் கடையிலிருந்து வெளியேறிவிடலாம்.

நினைவகத்தில் 32 கிகாபைட் வேண்டும் என்றேன். இரண்டு 16ஆக. ஒரே துண்டாகப் பொருத்தினால் புரொசசருக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை பாதியாகிவிடும். இரு வழிப் பாதையில் ஒன்றை மூடிவிட்டு வாகனம் ஓட்டுவதற்குச் சமம். துரதிர்ஷ்டவசமாக இது நினைவகம் வாங்க உகந்த காலமன்று. செயற்கை நுண்ணறிவுச் சேவர்களுக்காக உற்பத்தியாளர்கள் தமது ஆற்றலைத் திருப்பியதால் 2025இன் பிற்பகுதியில் விலைகள் வெகுவாக ஏறின. மைக்ரோன் நிறுவனம் சில்லறை வாடிக்கையாளருக்கான குருஷல் வணிகத்திலிருந்தே விலகுவதாக அவ்வருடம் டிசெம்பரில் அறிவித்தது. டி.டி.ஆர்.5 இன் பக்கம் போகாமல் டி.டி.ஆர்.4 ஏற்கும் மதர்போர்ட்டை நான் சொன்னதற்கு இதுவே காரணம். பாவித்த டி.டி.ஆர்.4 துண்டுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. நினைவகம் அசையும் பாகம் இல்லாதது, இலகுவில் பழுதடைவதில்லை. மெம்டெஸ்ட்86 ஐ ஓர் இரவு ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும். நான்கு துளை உள்ள மதர்போர்ட்டாயின் மிகுதியைப் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்.

எஸ்.எஸ்.டி.க்குக் கணக்கு மட்டும் போதும். வினாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்யும் கமெரா ஒன்று மணித்தியாலத்துக்கு 45 கிகாபைட் தரும். இரண்டு கமெரா, ஆறு மணித்தியாலம் என்றால் 540 கிகாபைட். கடைக்காரர் எழுதிய 512இல் ஒரு கல்யாணம்கூட அடங்காது. வேலை செய்வதற்கு ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி., வேலை முடிந்தவற்றை வைப்பதற்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க். பிறருடைய கல்யாண வீடியோவின் ஒரே பிரதியை ஒரே தட்டில் வைத்திருப்பவர் நிம்மதியாக உறங்க முடியாது.

இனி, எவரும் கேளாத பாகம். பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி மற்ற எல்லாப் பாகங்களுக்கும் ஊட்டுவது இதுதான். இது கெட்டுப் போகும்போது தனியாகப் போவதில்லை, சில வேளைகளில் மதர்போர்ட்டையும் தட்டுகளையும் கூட்டிக்கொண்டு போகும். இலவசமாகக் கொடுக்கப்படும் பவர் சப்ளை ஒன்றின் மேல் 750 வொட் என்று அச்சிடுவதற்குக் காகிதச் செலவைத் தவிர வேறு செலவில்லை. உண்மையை அறிவதற்கு அதன் பக்கத்தில் ஒட்டிய சிட்டையைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற நிரலின் கீழ் அம்பியர் எவ்வளவு என்று எழுதியிருக்கும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வொட். 25 அம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் அது தரக்கூடியது 300 வொட். புரொசசரும் கிரபிக்ஸ் காட்டும் உண்பது 12 வோல்ட்டைத்தான். மேலே 750 என்று எழுதியிருப்பது அவற்றின் பசியைத் தீர்க்காது.

தம்பியின் கணினிக்கு வேண்டியது எவ்வளவு? 12400 உச்சத்தில் 117 வொட் எடுக்கும். 3060 இன் அளவு 170 வொட். ஏனையவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 330. நல்ல நிறுவனம் ஒன்றின் நேர்மையான 550 வொட் தாராளம். 750ஐத் தேடி அலையத் தேவையில்லை. 80 பிளஸ் முத்திரை இருப்பது நன்று. ஆனால் அம்முத்திரை அளப்பது மின்சாரம் எவ்வளவு விரயமாகிறது என்பதை மட்டுமே. பாதுகாப்புக்கான சான்றாக அதனைக் கொள்ளக்கூடாது. ஐந்து வருட உத்தரவாதம் கொடுக்கும் துணிவு நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பது எனக்கு அதைவிட நம்பிக்கையூட்டும் அடையாளம்.

எமது மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவும் வேண்டுமா? 1990இன் பின்னர் குடாநாடு வருடக்கணக்கில் தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே இருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழுத் தீவும் இருளில் மூழ்கியபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த குரங்கொன்றே காரணம் எனச் சொல்லப்பட்டது. இராமாயணத்துக்குப் பின்னர் இலங்கையை இந்த அளவுக்கு ஆட்டிய வானரம் வேறில்லை. குரங்கு அடிக்கடி வராது என்று வைத்துக்கொண்டாலும், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் வரும் அதிர்ச்சியை முதலில் தாங்குவது பவர் சப்ளைதான். யூ.பி.எஸ். அவசியம். 650 வி.ஏ. என்று விற்கப்படுபவை பெரும்பாலும் 360 வொட் அளவிலேயே கொடுக்கும். திரையையும் சேர்த்தால் அது விளிம்பில் நிற்கும். 1000 வி.ஏ. எடுக்கச் சொன்னேன். பழைய வீடுகளில் எர்த் கம்பி உண்மையாகவே நிலத்துக்குப் போகிறதா என்று மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பதும் இச்செலவில் ஒன்று.

கேசிங்கைப் பற்றி அதிகம் இல்லை. யாழ்ப்பாண வெயிலில், தூசும் உப்புக்காற்றும் உள்ள ஊரில், முன்பக்கத்தைக் கண்ணாடியால் அடைத்துவிட்டு உள்ளே நிறவிளக்குப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பக்கம் வலையாக, தூசு வடிகட்டி கழற்றிக் கழுவக்கூடியதாக இருந்தால் போதும். முன்னால் இரண்டு விசிறி காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. ஏழு வேண்டாம். மிஞ்சும் பணத்தை நிறம் பிசகாமல் காட்டும் ஐ.பி.எஸ். திரைக்குக் கொடுக்கலாம். மணப்பெண்ணின் கூறைச் சேலை எந்தச் சிவப்பு என்று தெரியாமல் நிறத்திருத்தம் செய்ய முடியாது.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள பிள்ளைக்குப் பாகம் வாங்கி அனுப்பும் நல்லெண்ணம் உங்களுக்கு உண்டு. 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டபோது, பலருக்கு அதுவே ஒரே வழியாகவும் இருந்தது. அனுப்புவதாயின் புரொசசரையோ நினைவகத்தையோ அனுப்புங்கள். சிறியவை, இலகுவில் பழுதடையாதவை. மதர்போர்ட்டையும் கிரபிக்ஸ் காட்டையும் அனுப்பாதீர்கள். பழுதானால் ரொறன்ரோவில் வாங்கிய சிட்டையை நல்லூரில் யாரிடம் நீட்டுவது? கனடாவிலோ அமெரிக்காவிலோ பாவித்த முழுக் கணினியை அனுப்புபவர்கள் பவர் சப்ளையின் பின்புறத்தைப் பார்த்தேயாக வேண்டும். பழைய மலிவான வகைகளில் 115, 230 என்று மாற்றும் சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 115இல் இருக்கும்போது எமது சுவரில் செருகினால் வெடிச்சத்தம் ஒன்றுதான் மிஞ்சும்.

மடிக்கணினி வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கட்சியிலும் நியாயம் இருக்கிறது. மின்சாரம் போனாலும் பற்றரி இருக்கும், மணவறைக்கே தூக்கிக்கொண்டு போகலாம். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நான் மடிக்கணினியையே சிபாரிசு செய்வேன். ஆனால் அதே பணத்துக்கு மேசைக் கணினி தரும் வேகத்தையும், மணித்தியாலக்கணக்கில் முழுப் பாரத்தில் ஓடும் வேலையை வெப்பமேறாமல் தாங்கும் தன்மையையும் அதில் எதிர்பார்க்க முடியாது. மேலும், ஒரு பாகம் பழுதானால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். அடகு வைத்த பணத்தில் தொழில் தொடங்குபவருக்கு இது சிறிய விடயமன்று.

பட்டியலைத் திருத்தி அனுப்பினேன். தம்பி அதனைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் மூன்று கடைகளில் விசாரித்தார். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் ஒருவரைக் கொண்டு விசாரித்தார். விலைகள் கடைக்குக் கடை மட்டுமல்ல, கிழமைக்குக் கிழமையும் மாறின. முதற் கடைக்காரர் ஐ7ஐ விட்டு இறங்கச் சம்மதித்தாலும் பவர் சப்ளையின் சிட்டையைப் பெட்டி திறந்து காட்ட மறுத்துவிட்டார். இரண்டாவது கடையில் காட்டினார்கள், 45 அம்பியர். அங்கேயே வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டில் கையால் எழுதி, உத்தரவாதக் காலத்தைப் பாகம் பாகமாகக் குறித்து, முத்திரை குத்தித் தரும்படி கேட்கவும் சொன்னேன். "உத்தரவாதம் மூன்று வருடம்" என்ற ஒற்றை வரியைக் கொண்டு பின்னர் எதையும் சாதிக்க முடியாது. பவர் சப்ளைக்கு ஐந்து, புரொசசருக்கு மூன்று, பாவித்த காட்டுக்கு ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பற்றுச்சீட்டின் மை மங்கிவிடும் என்பதால் அதனைப் படம் எடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்.